வயநாட்டுச் செய்திக்குப் பிறகு தூக்கம் வராத ஒரு வீட்டுக்கு

நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 30 அதிகாலையில், கேரளத்தின் வயநாட்டில் நிலச்சரிவு வந்து முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போன செய்தி வந்ததிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. கணவர் மேப்பாடி, கல்பெட்டா பக்கம் ஜீப் ஓட்டுபவர். அவரோடு வண்டி ஓட்டும் ஒருவரின் சொந்தக்காரர்கள் சூரல்மலையில் இறந்துவிட்டார்கள். வீட்டில் மாமியார் நாள் முழுக்க டிவியை அணைப்பதில்லை. இவர் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு போனில் அதே வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். தகரக் கூரையில் மழை விழுந்தாலே ஏழு வயது மகள் எழுந்து உட்கார்ந்து, "நம்ம மலையும் விழுமா அம்மா?" என்கிறாள். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டி, போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்ததற்கு உறவுக்காரர் ஒருவர், "பக்கத்துல பொணம் தேடிட்டு இருக்காங்க, உனக்கு கேக் கேக்குதா?" என்று கேட்டுவிட்டார். "எனக்கு என்ன கல்நெஞ்சா? செய்தியே பார்க்காதே என்கிறார் கணவர். பார்க்காமல் இருந்தால், நம்ம பக்கம் ஆபத்து வரும்போது எப்படித் தெரியும்?" இதுதான் அவர் கேட்பது.

நான் மனநலச் சமூகப் பணியில் இருப்பவன். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் மீனவக் கிராமங்களில் வேலை பார்த்தேன். இப்போது கோத்தகிரியில் குடியிருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி என் தொழிலையும் தொடுகிறது, என் வீட்டையும் தொடுகிறது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், உங்களுக்குக் கல்நெஞ்சு இல்லை அம்மா. கல்நெஞ்சாக இருந்தால் ராத்திரி தூங்கியிருப்பீர்கள். அப்புறம், உங்கள் பயம் நோயும் இல்லை. சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இதே அளவுக்குப் பயந்தால், அவரிடம் நான் வேறு மாதிரி பேசுவேன். நீங்கள் சரிவில் குடியிருக்கிறீர்கள். வயநாட்டில் பெய்யும் அதே தென்மேற்குப் பருவமழைதான் பந்தலூரிலும் தேவாலாவிலும் சேரம்பாடியிலும் கொட்டுகிறது. உங்கள் பயத்தில் ஒரு பங்கு உண்மை. இன்னொரு பங்கு அந்த போன் ஊதிப் பெரிதாக்கியது. இரண்டும் நெஞ்சுக்குள் ஒரே மாதிரி படபடக்கும் என்பதால் எது எது என்று தெரிவதில்லை. போன் தருகிற பங்கைக் குறைக்க வேண்டும். மலை தருகிற பங்கைக் குறைக்கவே கூடாது, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

போனைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மாரத்தான் ஓட்டம் நடக்கும்போது குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு வாரத்தில் நாளுக்கு 6 மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியையே பார்த்தவர்களிடம், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் இருந்தன. கேட்டால் நம்ப முடியாது, ஆனால் யோசித்தால் புரியும். நேரில் பட்டவருக்கு அது ஒரு முறை நடந்தது. பிறகு தூக்கிவிட ஆள் வந்தது, அழ ஒரு தோள் கிடைத்தது, செய்ய வேலை இருந்தது. திரையில் பார்ப்பவருக்கு அது நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறது. அவரால் எதுவும் செய்ய முடிவதில்லை. கை கால் ஓட வேண்டும் என்று உடம்பு துடிக்கும்போது, ஆள் பாயில் படுத்து விரலை மட்டும் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சம்பவத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முதல் சரிவு நள்ளிரவு தாண்டி வந்தது, அடுத்தது விடிவதற்கு முன்னால் வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தூக்கத்தில் இருந்தவர்கள். அதனால் உங்கள் மனசு தூக்கத்தையே ஆபத்தான வேலை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. நீங்கள் விழித்திருந்தால் வீட்டைக் காப்பாற்றலாம் என்று அது நினைக்கிறது. போனைப் பார்ப்பதும் ஒரு வகையில் காவல் இருப்பதுதான். உங்களைப் போல் எத்தனையோ தாய்மார் இப்படிக் காவல் இருக்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல். இதைத் திட்டி நிறுத்த முடியாது. "போனைப் பார்க்காதே" என்று உங்கள் கணவர் அக்கறையோடு சொல்கிறார், ஆனால் காவல்காரரிடம் வெறுமனே போய்ப் படு என்றால் படுப்பாரா? அந்தக் காவலை வேறு ஆளிடம் ஒப்படைத்தால்தான் தூக்கம் வரும். எந்த ஆளிடம் என்று சொல்கிறேன்.

செய்தி வேறு, எச்சரிக்கை வேறு. டிவியில் நாள் முழுக்க ஓடுவது நடந்து முடிந்ததைப் பற்றிய செய்தி. அதில் உங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கும் சரிவைப் பற்றி ஒரு வரி கூட வராது. எச்சரிக்கை வருகிற வழி வேறு. வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அறிவிக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை இதைப் பார்த்தால் போதும். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியை போனில் வைத்துக்கொண்டால் உங்கள் இடத்துக்கான எச்சரிக்கை தானாக வரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இந்த எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதி வையுங்கள். மின்சாரம் போய், போனில் சார்ஜ் இறங்கிய ராத்திரியில் பக்கத்து வீட்டுப் போனிலிருந்துதான் கூப்பிட வேண்டியிருக்கும்.

ஆனால் மாவட்ட எச்சரிக்கை மட்டும் போதாது. ஏன் என்று வயநாட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். கல்பெட்டாவில் ஹியூம் சூழலியல் மையம் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் வயநாடு முழுக்க 200-க்கும் மேற்பட்ட இடங்களில் மழை அளக்கிறார்கள். பல இடங்களில் அளப்பவர்கள் உள்ளூர் விவசாயிகளும் தோட்டக்காரர்களும்தான். முண்டக்கைக்குப் பக்கத்தில் கள்ளாடியில் இருந்த அளவீட்டின்படி 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை. முதல் நாள் மழையிலேயே மண் ஊறி நின்றது. அதன் மேல் அடுத்த நாள் 372 மில்லிமீட்டர் கொட்டியது. சரிவு வர வாய்ப்பிருக்கிறது என்று அந்த மையம் 29-ஆம் தேதி காலையிலேயே மாவட்ட நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறது. மாவட்டம் முழுவதுக்கும் ஒரு நிறம் அறிவிக்கும்போது, அதே மாவட்டத்துக்குள் ஒரு மலை முகட்டில் என்ன பெய்கிறது என்பது அந்த நிறத்தில் தெரியாது. பக்கத்தில் நின்று அளப்பவருக்குத்தான் தெரியும்.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். அடியிலிருந்து வாய் வரைக்கும் ஒரே அகலமாக இருக்கிற டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பால் பவுடர் டின் மாதிரி நேராக இருக்க வேண்டும், குடுவை மாதிரி வளைந்திருக்கக் கூடாது. கூரைத் தண்ணீரோ மரத்துச் சொட்டோ விழாத வெட்டவெளியில், காற்றுக்குச் சாயாதபடி நாலு கல்லை முட்டுக் கொடுத்து வையுங்கள். வானிலைக்காரர்கள் அளக்கும் நேரம் காலை 8.30. அதே நேரத்தில் மகளின் ஸ்கேலை உள்ளே விட்டு, அடியிலிருந்து தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பாருங்கள். ஸ்கேல் நுனியில் கோடு தொடங்கும் முன் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தினசரி நாள்காட்டித் தாளில் எழுதி வையுங்கள், பிறகு டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். பெருமழை நாளில் ராத்திரி படுக்கும் முன்னும் ஒரு தடவை பாருங்கள். இரண்டு மூன்று நாள் எண்களைக் கூட்டிப் பார்ப்பதுதான் முக்கியம். காய்ந்த மண் தாங்குகிற மழையை ஊறிய மண் தாங்காது. இத்தனை மில்லிமீட்டர் வந்தால் சரியும் என்று எல்லா மலைக்கும் பொதுவான எண் கிடையாது. ஆனால் நேற்று 90, இன்று சாயங்காலத்துக்குள் 130 என்று நாள்காட்டியில் எழுதியிருக்கிறதைப் பார்த்தால், இன்று ராத்திரி எங்கே படுப்பது என்பதை நீங்கள் யாரையும் கேட்காமலே முடிவு செய்யலாம். வெறும் சத்தமாக இருந்த மழைக்கு ஒரு எண் வந்துவிட்டால் மனசு கொஞ்சம் நிலைக்கு வரும். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில்களில் இதை முதலில் செய்யுங்கள் என்பேன்.

அடுத்தது இடம். பலர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்திட்டை மட்டும் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது சரிதான்; பொக்லைன் வைத்து நேர்குத்தாக வெட்டி, தடுப்புச்சுவர் கட்டாமல் விட்ட திட்டுகள் நம் மாவட்டத்தில் ஆளைக் கொன்றிருக்கின்றன. ஆனால் சூரல்மலைக்காரர்களின் வீட்டுக்குப் பின்னால் எதுவும் சரியவில்லை. சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், முண்டக்கைக்கு மேலே இருக்கும் புஞ்சிரிமட்டத்துக்கும் மேலே, மலை பிய்த்துக்கொண்டது. மண்ணும் பாறையும் மரமும் ஆற்றுப் போக்கைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடி வந்தன. உடல்கள் சாலியாறு வழியாக நிலம்பூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தன. அதனால் உங்கள் வீட்டிலிருந்து மேலே மட்டும் பார்க்காதீர்கள், ஓடையைப் பாருங்கள். அது எங்கிருந்து வருகிறது, மேலே யாராவது அதை மறித்திருக்கிறார்களா, பெருமழையில் பழைய தடத்துக்குத் திரும்பினால் எந்த வீட்டு வாசலுக்கு வரும் என்று பாருங்கள்.

இங்கேதான் உங்கள் மாமியார் தேவைப்படுகிறார். நாள் முழுக்க டிவி வைக்கிறார் என்று சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர் மேல் வருத்தம் வரவில்லை. உங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவை. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலில் வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில், அதாவது லைன் வீட்டில், குடியேறியவர்கள். மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, நீலகிரித் தோட்டத்தில் வயதான ஒரு பெண்ணுக்கு லயம் புதைந்த செய்தி என்பது ஏதோ ஊர்ச் செய்தி இல்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்களின் லயன்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கயத்தாறு பக்கத்திலிருந்து போன தமிழர்கள். மின்சாரமும் போன் தொடர்பும் அற்றுப் போயிருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. அந்த டிவியில் உங்கள் அத்தை யாரைத் தேடுகிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

கேட்டுவிட்டு, அப்படியே அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். "அத்தை, முன்னாடி இந்த ஓடை எங்க போச்சு? 2009-ல எது வரைக்கும் தண்ணி வந்தது? 2019-ல எந்தத் திட்டு இறங்குச்சு?" என்று கேளுங்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர். அதே நாளில்தான் முண்டக்கைக்குப் பக்கத்துப் புத்துமலையில் சரிவு வந்து 17 பேர் போனார்கள். இந்த எண்களை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் உங்கள் தோட்டத்தில் எந்த இடத்தில் ஊற்று புதிதாகப் பொங்கியது, எந்த மரம் சாய்ந்தது என்பது எந்த அறிக்கையிலும் இல்லை, அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அவரிடம் கேட்டால் உங்களுக்கும் விவரம் கிடைக்கும், டிவி முன்னால் அவர் தனியாக உட்கார்ந்திருக்கும் நேரமும் குறையும். டிவியைப் பறித்தால் சண்டைதான் வரும். மதியம் குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் அவர் பார்க்கட்டும், குழந்தை வந்த பிறகு அணைத்துவிடுவோம் என்று பேசி வையுங்கள். பேத்திக்காக என்றால் எந்தப் பாட்டியும் ஒத்துக்கொள்வார்.

சரிவுக்கு முன்னால் மண் சில அடையாளங்களைக் காட்டும். தெளிவாக ஓடிய ஓடை திடீரென்று செந்நிறமாகக் கலங்கும். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைந்தால் அது இன்னும் மோசம், மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிலத்திலோ சுவரிலோ புது விரிசல், திறந்து மூடிக்கொண்டிருந்த கதவு திடீரென்று இறுகுவது, மின்கம்பமும் மரமும் சாய்வது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, மேலே பாறை உருளும் சத்தம். இதில் ஒன்றைப் பார்த்தாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். ஓடைத் தடத்தை விட்டு விலகி, பக்கவாட்டில் மேட்டுக்குப் போக வேண்டும். ஓடையோடு கீழே ஓடக் கூடாது. எந்த வீட்டுக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, மகளின் பள்ளிச் சான்றுகள், மாமியாரின் மாத்திரை, டார்ச், கொஞ்சம் பணம், ஒரு பையில் கதவுப் பக்கம் இருக்கட்டும். வயநாட்டில் முதல் நாளே வேறு இடத்துக்குப் போய்விட்ட குடும்பங்கள் உயிரோடு இருக்கின்றன. பத்து முறை போய்ப் பத்து முறையும் ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தாலும் அது வீண் அலைச்சல் ஆகாது.

இனி உங்கள் மகளுக்கு வருகிறேன். "நம்ம மலையும் விழுமா?" என்ற கேள்விக்கு "சீ, அதெல்லாம் விழாது, தூங்கு" என்று சொல்லத்தான் எல்லோருக்கும் வாய் வரும். சொல்லாதீர்கள். அவள் வெளியே ஜீப்பில் போகும்போது சரிந்த மண்ணைப் பார்த்திருப்பாள். அம்மா சொன்னது பொய் என்று தெரிந்தால் அடுத்த முறை உங்களிடம் கேட்க மாட்டாள், தனியாகப் பயப்படுவாள். ஏழு வயதுக்குப் புரிகிற மாதிரி உண்மையைச் சொல்லலாம்: "ரொம்ப மழை பெஞ்சா சில மலையில மண் இறங்கும். நம்ம வீட்ல நாம தினமும் மழையை அளந்து பாக்குறோம். நிறைய பெஞ்சா நாம முன்னாடியே மாமா வீட்டுக்குப் போயிடுவோம். உன்னை விட்டுட்டு நாங்க எங்கயும் போக மாட்டோம்." பெரும்பாலான குழந்தைகளுக்கு மலையைப் பற்றிய கேள்விக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இந்தக் கடைசி வரிதான். அம்மா அப்பாவைப் பிரிந்துவிடுவோமோ என்ற பயம்.

அப்புறம், சின்னக் குழந்தைகளுக்கு டிவியில் திரும்பக் காட்டுவது பழைய காட்சி என்று தெரியாது. பத்து முறை காட்டினால் பத்து மலை விழுந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் அவள் எதிரில் வேண்டாம் என்கிறேன். மழை டப்பாவில் ஸ்கேலை விட்டுப் பார்ப்பதும் நாள்காட்டியில் எண் எழுதுவதும் அவள் வேலையாக இருக்கட்டும். முடிவெடுப்பது பெரியவர்கள் பொறுப்பு என்பதை மட்டும் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பாரத்தைக் குழந்தை தலையில் ஏற்றக் கூடாது.

அவள் மண்ணைக் குவித்து வீடு கட்டி, தண்ணீர் ஊற்றி இடிக்கிற விளையாட்டு விளையாடினால் பதறாதீர்கள். நாகப்பட்டினத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் போன அந்தக் கடற்கரையில், சில வாரம் கழித்துப் பிள்ளைகள் "அலை வருது, அலை வருது" என்று கத்திக்கொண்டு ஓடி விளையாடினார்கள். பெரியவர்கள் ஓடி வந்து அடித்தார்கள். பிள்ளைகள் அழுதுவிட்டுப் பாயில் ஒண்டிக்கொண்டார்கள். நாங்கள் செய்தது ஒன்றுதான்: அடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கூட உட்கார்ந்தோம். கொஞ்ச நாளில் அந்த விளையாட்டில் ஒருவன் படகோடு வந்து காப்பாற்றுபவன் ஆனான், ஒரு பெண் டாக்டர் ஆனாள், ஒரு பாட்டி சோறு பொங்கினாள். விளையாட்டு அப்படி மாறுகிறது என்றால் குழந்தை தேறி வருகிறது என்று அர்த்தம். மாறாமல், சிரிப்பே இல்லாமல், ஒரே மாதிரி மாதக்கணக்கில் விளையாடினால்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் மகளும் விளையாடும்போது, "இப்ப யாரு வந்து காப்பாத்துவாங்க?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனாவின் கதையைச் சொல்லுங்கள். பாலம் போய்விட்ட ஆற்றின் மேல், கயிற்றில் தொங்கியபடி மருந்துப் பையோடு அக்கரைக்குப் போய்க் காயம்பட்டவர்களுக்கு மருந்து போட்டவர் அவர். 2024 ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. உங்கள் பக்கத்து ஊர்க்காரர். அந்த வீடியோவை மகளோடு சேர்ந்து தாராளமாகப் பார்க்கலாம்.

கேக் விஷயம். அந்த உறவுக்காரர் சொன்னது உங்களைக் குத்திவிட்டது என்று தெரிகிறது, ஏனென்றால் கடிதத்தில் அதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தைச் சொல்கிறேன். குழந்தைக்கு ஏழு வயது முடிகிற நாள் ஒன்றுதான். ஊரெல்லாம் மரணச் செய்தியாக இருக்கும் வாரத்தில், வீட்டுக்குள் ஒரு அரை மணி நேரம் கைதட்டிச் சிரித்தது அவளுக்குத் தேவையாக இருந்தது. செய்தது சரி. ஸ்டேட்டஸில் வைத்தது பற்றி மட்டும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: உங்கள் கணவரோடு வண்டி ஓட்டுபவர் வீட்டில் அப்போது பதினாறு கூட முடிந்திருக்காது. அவர்கள் கண்ணிலும் அது பட்டிருக்கும். கேரள அரசே 2024 ஓணம் வாரக் கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் இலைபோட்டுச் சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. தெருவில் பறை அடிக்காமல் வீட்டுக்குள் விளக்கேற்றுவது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தான். துக்க வீட்டைக் கடக்கும்போது பாட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போவோமே, அந்த அளவு போதும்.

அதைவிட, அந்த வீட்டுக்கு நீங்கள் போய் வந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. போகவில்லை என்றால் போய்விட்டு வாருங்கள். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் போவதில்லை. ஒன்றும் பேச வேண்டாம். ஒரு தூக்குச்சட்டியில் ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். "கடவுள் சித்தம்", "நீங்களாவது பிழைச்சீங்களே" என்பதெல்லாம் வேண்டாம். அவர் பேசினால் கேளுங்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து உங்களுக்குள் கட்டிக் கிடக்கிற துக்கத்துக்குப் போக ஒரு இடம் வேண்டும். முகம் தெரியாத இருநூறு முந்நூறு பேருக்காகத் தனியாகப் படுத்து அழுவதைவிட, முகம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுவது உடம்புக்கு நல்லது.

பணம் கொடுக்க நினைத்தால் கேரள முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதிக்கு நேராக அனுப்புங்கள். தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாய் கொடுத்ததும் கேரள அரசுக்குத்தான். வாட்ஸ்அப்பில் வருகிற கியூஆர் கோடுக்கு அனுப்பாதீர்கள். "இன்னைக்கு ராத்திரி நீலகிரியில விழும்" என்று யார் பெயரும் தேதியும் இல்லாமல் வருகிற குரல் பதிவையும் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். 1077-ஐக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். உங்கள் கணவரிடம் யாராவது சூரல்மலையை வேடிக்கை பார்க்க வண்டி கேட்டால் மறுத்துவிடச் சொல்லுங்கள். சரிவுக்குப் பிறகு, வேடிக்கை பார்க்க வர வேண்டாம் என்று கேரள போலீசே கேட்டுக்கொண்டார்கள்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் கொஞ்சம்தான் எழுதியிருக்கிறீர்கள். செய்தி பார்க்காதே என்று சொல்பவர், தினமும் அந்த ரோட்டில்தான் வண்டி ஓட்டுகிறார். அவர் பார்த்ததில் பாதியைக் கூட வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு, குழந்தை தூங்கியதும், "இன்னைக்கு எப்படி இருந்துச்சு அங்க?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த நாளும் கேளுங்கள். குடி அதிகமாகிறதா, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்துக்கு நான் சொல்வது சின்ன ஏற்பாடு. ராத்திரி எட்டரைக்கு மேல் போனை அடுப்படியில் சார்ஜில் போட்டுவிடுங்கள். எச்சரிக்கை வந்தால் கேட்கும்படி சத்தத்தை மட்டும் ஏற்றி வையுங்கள். படுக்கும் முன் மழை டப்பாவைப் பாருங்கள், எழுதுங்கள். எண் குறைவாக இருந்தால், இன்றைக்குக் காவல் முடிந்தது என்று வாய்விட்டே சொல்லிவிட்டுப் படுங்கள். அதிகமாக இருந்தால் படுக்காதீர்கள், பையை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய் அங்கே படுங்கள். சிவப்பு எச்சரிக்கை ராத்திரியில் பக்கத்து இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் முறை வைத்து விழித்திருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் விழித்திருக்கிறார் என்று தெரிந்தால் மற்றவர்கள் தூங்குவார்கள். முதல் சில நாள் தூக்கம் வராது, அதற்காக ஏற்பாட்டை மாற்றாதீர்கள்.

செய்தி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இதையெல்லாம் செய்த பிறகும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சமைக்கும்போதே அந்தக் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்து கை நடுங்குகிறது, குழந்தை படுக்கையில் மறுபடி ஒன்றுக்குப் போகிறாள், பள்ளிக்கூடம் போக மறுக்கிறாள் என்றால், 14416 எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரையும் பார்க்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் ஒரு மாதம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள்.

கடைசியாக, ஊர்க்காரர்களோடு சேர்ந்து செய்ய வேண்டிய ஒன்று. அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். அதற்குள் உங்கள் லைன் பெண்கள் நாலு பேராவது சேர்ந்து மனு எழுதுங்கள். உங்கள் மாமியார் காட்டிய பழைய ஓடைத் தடத்தை யார் அடைத்திருக்கிறார்கள், எந்த வடிகாலில் மண் நிறைந்திருக்கிறது, எந்தத் திட்டுக்குத் தடுப்புச்சுவர் இல்லை, பெருமழை ராத்திரியில் பள்ளிக்கூடமோ சமுதாயக்கூடமோ திறந்து வைக்கச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உங்கள் நாள்காட்டித் தாள்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குள் ஒரு மாத மழைக் கணக்கு அதில் இருக்கும். தீர்மானத்தில் உங்கள் கோரிக்கையை எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.